மூடி தானாக விழ வேண்டும்

1

இந்த நவம்பரோடு நான் நோர்வேக்கு வந்து இருபது வருடம். கோயிலில் ஓர் அர்ச்சனை செய்து, நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு வடை பாயாசத்தோடு சாப்பாடு கொடுப்போம் என்று மனைவி வதனி சொன்னாள். நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் கோயிலிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம், ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கீழே பாறையைக் குடைந்து செய்த பங்கருக்குள், பச்சை நிறம் பூசிய மரப்பெட்டி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, பிஸ்டல்களை அளவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, கொதிதான் வந்தது. அது இன்னும் ஆறவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

யோசித்துப் பார்த்தால் இந்த நாடு இருபது வருடமாக எனக்கு ஒரே வேலையைத்தான் தந்திருக்கிறது. வந்த முதல் மாரியே பாட்ஸ்பியோர்ட்டுக்குப் போனேன். வடக்கே, பனிக்கடலின் விளிம்பில் இருக்கிற மீன்பிடி ஊர். அங்கே தொழிற்சாலையில் ஓடுகிற பட்டியின் ஓரத்தில் நின்று, வெட்டிய மீனைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று பெட்டிகளில் போட்டேன். விரல் விறைத்து, எது என் விரல், எது மீன் என்று தெரியாமல் நின்ற நாட்களும் உண்டு. பிறகு ஒஸ்லோவில் தபால் பிரிக்கும் நிலையம். தட்டின் இந்த வாய்க்குள் நுழைந்தால் சின்னக் கடிதம், நுழையாவிட்டால் பெரிய கடிதம், அதிலும் அடங்காவிட்டால் பொதி. அந்த வேலையில் பதினாலு வருடம். கடைசியில் பிஸ்டல். படித்தது கணக்கியல், பார்த்தது எல்லாம் பெட்டிக்குள் அடங்குமா அடங்காதா என்கிற வேலை.

2

என் மகள் ஆரணிக்குப் பதினாறு வயது. பிறந்தது, நடந்தது, பல் விழுந்தது எல்லாம் இங்கேதான். நாலு வருடம் பரதநாட்டியம் பழகினாள். ஒருநாள் சலங்கையைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தவள் பிறகு எடுக்கவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடமும் அதே கதைதான். ஒரு சினேகிதியோடு பிஸ்டல் சுடுகிற கழகத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனாள். அதை மட்டும் விடவேயில்லை.

எனக்கு விசர் வந்தது. கோயில் மண்டபத்தில் ஒருவர் என் காதுபடவே சொன்னார், துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன்ரை பெட்டை இஞ்சை துவக்குப் பிடிக்கிறாளாம் என்று. அந்த மனிசனோடு நான் சண்டைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து அதையே நானும் மகளிடம் கத்தினேன். பெற்றோர் சம்மதக் கடிதத்தில் மூன்று மாதம் கையெழுத்து வைக்கவில்லை. அவள் அழவும் இல்லை, சாப்பிடாமல் கிடக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் கடிதத்தை வைப்பாள். திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போவாள். அடுத்த ஞாயிறு திரும்ப வைப்பாள். கடைசியில் களைத்துப்போனது நான்தான்.

கையெழுத்து வைத்த பிறகும் அலுவல் முடியவில்லை. படிவத்தில் பெயர் எழுதச் சின்னச் சின்னக் கட்டங்கள். எங்களுடைய குடும்பப் பெயர் சிவபாதசுந்தரம். என் அப்பாவின் பெயர் இங்கே வந்து எனக்குக் குடும்பப் பெயராகி, இப்போது மகளின் தலையிலும் ஏறியிருக்கிறது. எந்தப் படிவத்திலும் கட்டம் முடிந்த பிறகும் அந்தப் பெயர் முடியாது. ஒரு கந்தோரில் வாலை வெட்டிவிடுவார்கள். அடுத்த கந்தோரில் வாலுள்ளவனும் வாலில்லாதவனும் ஒரே ஆள்தான் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவா என்பார்கள்.

என் அம்மாவைக் கோடை காலத்தில் மூன்று மாத விசாவில் கூப்பிட விண்ணப்பித்தபோதும் இதுதான் நடந்தது. கடிதம் போய் வந்து, போய் வந்து, மாதக்கணக்கில் இழுபட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள், வயதுபோன மனிசி, குளிர் தாங்க மாட்டார் என்று கெஞ்சினேன். அந்தப் பெண் முகம் கோணாமல் சொன்னாள், எல்லாருக்கும் ஒரே சட்டம்தான், அதுதான் இந்த நாட்டின் அழகு என்று. அம்மா வந்து இறங்கியது டிசம்பரில். மூன்று மாதமும் யன்னலோரம் கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருந்துவிட்டு, வெயில் என்று ஒன்றைச் சரியாகக் காணாமலே திரும்பிப் போனார். என்னடா தம்பி, இந்த இருட்டுக்கோ இவ்வளவு காசைச் செலவழிச்சு வந்தனி என்று கேட்டார். இரண்டாம் தரம் வர அவர் இருக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் அழகை நான் மறக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

3

நோர்வேக்காரரிடம் டுக்நாட் என்று ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் சிரமதானம் என்போமே, அதுதான். ஊரில் சிரமதானம் என்றால் கிணறு இறைப்போம், ஒழுங்கைக்கு மண் போடுவோம். இங்கே பிள்ளையைக் கழகத்தில் சேர்த்த தாய் தகப்பன் கேக் சுட வேண்டும், கோப்பி ஊற்ற வேண்டும், கதிரை அடுக்க வேண்டும். வராவிட்டால் யாரும் ஏசமாட்டார்கள். அடுத்த முறை காணும்போது முகத்தைப் பார்க்கமாட்டார்கள், அவ்வளவுதான். கழகத்தின் தலைவி பெரித் ஓய்வுபெற்ற ஆசிரியை. தொலைபேசியில் கூப்பிட்டு, நீ தபாலில் அளவு பார்க்கிறவன்தானே, பெட்டி மேசை உனக்குத்தான் பொருத்தம் என்றார். இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். அதில் எனக்கு மனவருத்தம் இல்லை.

முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. குண்டு விழும்போது ஓடி ஒளிய நாங்கள் பங்கர் வெட்டினோம். இவர்கள் பாறையைக் குடைந்து நல்ல பங்கர் செய்து, குண்டு விழவில்லையே என்று அதற்குள்ளே போய்த் தாங்களே வெடி வைக்கிறார்கள். என்ன சீவியம் இது என்று வதனியிடம் சொன்னேன். போறதெண்டால் வாயை மூடிக்கொண்டு போய் வாருங்கோ, பிள்ளையின்ரை மானத்தை வாங்காதேங்கோ என்றாள்.

வேலை லேசானது. பெரிய பிஸ்டலுக்கு நீண்ட குழல் இருக்கும், கையை நிறைக்கிற மரப்பிடி இருக்கும். குறி தப்புவது குறைவு. சின்னப் பிஸ்டல்காரரை அதோடு மோதவிடுவது நியாயமில்லை. அதனால் இரண்டு வகுப்பு, சிறிய வகுப்பு, திறந்த வகுப்பு. சுட வருகிறவர் குண்டு போடாத வெறும் பிஸ்டலைத் தானே பெட்டிக்குள் வைப்பார். நான் மூடியைப் பிடித்து விடுவேன். மூடி தன் பாரத்தில் தானாக விழுந்து கொளுக்கி மாட்டினால் சிறிய வகுப்பு. மாட்டாவிட்டால் திறந்த வகுப்பு. கையால் அமத்தக் கூடாது. 'அமத்த வேண்டாம்' என்று நோர்வே மொழியில் மூடியிலேயே சூட்டுக்கோலால் எழுதியிருக்கும்.

அந்த எழுத்தை எழுதியவர், அந்தப் பெட்டியைச் செய்தவர், ரூனார். முன்பு ட்ராம் ஓட்டியவர். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஆரணிக்குச் சுடப் பழக்குகிறவரும் அவர்தான். உள்ளதைச் சொன்னால் எனக்கு அவரைப் பிடிக்கும். வீட்டில் ஒரு கோப்பையைக் கழுவ நூறு தரம் சொல்லவேண்டிய என் மகள், அவர் ஒரு தரம் சொன்னால் அரை மணித்தியாலம் கையை நீட்டியபடி அசையாமல் நிற்பாள். அவள் மூச்சை அடக்கி நிற்பதை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் வெல்ல வேண்டும் என்கிற ஆசை எனக்கும் பிடித்தது.

அன்றைய போட்டி மூன்றில் கடைசி. சிறிய வகுப்பில் முன்னுக்கு வருகிற இளையவர் ஒருவரைக் கழகம் பேர்கனில் நடக்கும் போட்டிக்கு அனுப்பும். முதல் இரண்டு போட்டியிலும் இளையவர்களில் ஆரணிதான் முன்னுக்கு நின்றாள். கழகத்தின் பெயர் போட்ட சிவப்புச் சட்டை வேறு கொடுப்பார்களாம். ஒரு மாதமாக வீட்டில் பேர்கன், பேர்கன் என்று ஒரே கதை. வதனி புதுக் குளிர்ச் சப்பாத்தும் வாங்கி வைத்துவிட்டாள்.

பத்துப் பேர் பிஸ்டலை வைத்தார்கள், எடுத்தார்கள். மூடி விழுந்தது, விழவில்லை, பெயரை எழுதினேன். பதினோராவதாக ரூனார் வந்தார். பிஸ்டலை வைத்தார். மூடியை விட்டேன். கொளுக்கி மாட்டவில்லை.

"மெல்ல அமத்து, போகும்," என்றார்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, மூடியில் இருந்த எழுத்தைக் காட்டினேன்.

"அதை எழுதினது நான்," என்றார்.

"அப்படியென்றால் உனக்குத்தான் நல்லாகத் தெரியும்," என்றேன்.

அவருக்கு விரல் மூட்டுகளில் வாதம். கோடையில் பிடியைத் தடிப்பாகச் செய்து பூட்டியிருக்கிறார். பாவம்தான். ஆனால் தடித்த பிடி தடித்த பிடிதானே. வரிசை நின்றுவிட்டது. பெரித் கோப்பிக் கேத்திலோடு வந்து என் தோளில் கையை வைத்தார். இவன் பன்னிரண்டு வருடமாக இந்த வகுப்பில்தான் சுடுகிறான், நாங்கள் இங்கே ஒருவரையொருவர் அறிந்தவர்கள், கொஞ்சம் பார்த்து விடலாமே என்றார்.

கொஞ்சம் பார்த்து!

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, உச்சி கொதித்துவிட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இருபது வருடமாக நான் கேட்டு ஒருவரும் தராத அந்தக் 'கொஞ்சம்', இந்தப் பங்கருக்குள் கோப்பியோடு சேர்த்து இலவசமாகக் கிடைக்கிறது. எழும்பி நின்றேன். என் அம்மாவின் விசாவைச் சொன்னேன், வாலை வெட்டிய பெயரைச் சொன்னேன், எல்லாருக்கும் ஒரே சட்டம் என்ற அந்தப் பெண்ணைச் சொன்னேன். கோபம் வந்தால் என் நோர்வே மொழியில் வினைச்சொல்லெல்லாம் தமிழில் போலக் கடைசிக்கு ஓடிவிடும். அவர்களுக்குப் பாதி விளங்கியிருக்காது. என் முகம் விளங்கியிருக்கும்.

வரிசையின் பின்னால் நின்ற ஆரணி ஓடி வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அப்பா, வர் சோ ஸ்னில், விடுங்கோ. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

வர் சோ ஸ்னில் என்றால் தயவு செய்து என்று அர்த்தம். கெஞ்ச வேண்டியதை நோர்வே மொழியிலும் வெட்கத்தைத் தமிழிலும் சொன்னாள். நான் விடவில்லை. பெட்டி சொன்னால் சொன்னதுதான் என்றேன். ரூனார் மூடியைத் தூக்கினார். பிறகு பிஸ்டலை எடுத்துக்கொண்டு, நீ சொல்வது சரி என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, திறந்த வகுப்புப் பேப்பரில் தன் பெயரைத் தானே எழுதினார். நான் வென்றுவிட்டேன் என்று கதிரையில் இருந்தேன்.

4

ஒரு மரப்பெட்டிக்கு இவ்வளவு கோபமோ என்று ஊரில் இதை வாசிக்கிறவர்கள் கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறேன்.

நான் நாட்டைவிட்டு வெளிக்கிடுவதற்கு இரண்டு வருடம் முந்தி எங்கள் ஊரில் ஒரு சுற்றிவளைப்பு. எனக்குப் பதினெட்டு வயது. விடிய எழும்பி முகம் கழுவ முதலே சீருடைக்காரர் வந்து பெடியன்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குச் சாய்த்துக்கொண்டு போனார்கள். கட்டியிருந்த சாரத்தோடு போனோம். அடையாள அட்டை பார்க்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. இரண்டு சீருடைக்காரர் எதிரெதிரே நின்று, ஒரு நீட்டுத் துவக்கை இரண்டு முனையிலும் பிடித்து, குறுக்காகத் தூக்கி வைத்திருந்தார்கள். வரிசையாக அதற்குக் கீழே நடக்க வேண்டும். தலை முட்டாமல் போனவன் சின்னப் பெடியன், வீட்டுக்குப் போகலாம். முட்டினவன் பெரியவன், லொறியில் ஏற வேண்டும். வயதைத் துவக்கால் அளந்தார்கள்.

நான் உயரமில்லாதவன். இப்போதும் தபால் நிலையத்தில் மேல் தட்டு எட்டாது. ஆனாலும் அந்தத் துவக்கு என் நெற்றிக்கு நேரே நின்றது. எனக்கு ஒரு யோசனை ஓடியது. சாரத்தைக் கொஞ்சம் பதித்துக் கட்டி, உள்ளே முழங்காலை மடக்கிக்கொண்டு நடந்தேன். சாரத்துக்குள் கால் மடிந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று வெளியே யாருக்குத் தெரியும்? தலைமயிரில் இரும்பு உரசிக்கொண்டு போனது. போடா என்றான் ஒருவன். போனேன்.

எனக்குப் பின்னால் நின்றவன் குகன், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். என்னைவிட இரண்டு விரற்கடை உயரம். நிமிர்ந்து நடந்தான். அவன் தலை துவக்கில் முட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. லொறியில் ஏற்றினார்கள். அவன் திரும்பி வரவேயில்லை. அவனுடைய அம்மா எந்தெந்த முகாம் வாசலில் எல்லாம் போய் நின்றார் என்பது ஊருக்குத் தெரியும்.

மனிசரைத் துவக்கால் அளந்த ஊரிலிருந்து, துவக்கைப் பெட்டியால் அளக்கிற ஊருக்கு வந்திருக்கிறேன். அப்படி நினைத்துத்தான் அந்த மேசையில் போய் இருந்தேன். அந்த ஒரு பெட்டியாவது எல்லாருக்கும் ஒரேமாதிரி இருக்க வேண்டாமா? அதுதான் என் கோபம். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

5

இன்னும் நாலு பேர் போனார்கள். பிறகு ஆரணி வந்தாள்.

அவள் சுடுவது கழகத்தின் பிஸ்டல். அவளுக்கென்று சொந்தமாக ஒன்றும் இல்லை, நான் விடவும் மாட்டேன். அவளுடைய கை சின்னது, பிடி வழுகும். அதற்காக ரூனார் அந்த வாரம்தான் பழைய பிடியின் மேல் மரப்பசை வைத்துப் பெருப்பித்து, அவளுடைய உள்ளங்கைக்கு அளவாகச் செதுக்கிக் கொடுத்திருந்தார். கடைசிப் போட்டிக்கு அவர் கொடுத்த பரிசு. வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து, அப்பா, இப்ப அது என்ரை கையோடை ஒட்டிக்கொண்டு நிக்குது என்று சொன்னாள். நான் ரீவி பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்றேன்.

பிஸ்டலை வைத்தாள். மூடியை விட்டேன்.

ஒரு நகக்கண் அளவு. அதற்கு மேல் இல்லை. கொளுக்கி வந்து வளையத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. யாரும் குனிந்து பார்த்தாலொழியத் தெரியாது.

எனக்கு அப்போது ஒரு நியாயமும் ஞாபகம் வரவில்லை. பேர்கன் ஞாபகம் வந்தது. வதனி வாங்கி வைத்த சப்பாத்து ஞாபகம் வந்தது. கோயில் மண்டபத்தில் கதைத்த அந்த மனிசனின் வாய் ஞாபகம் வந்தது. பேனையை எடுக்கப் போகிறவன் போல இடது கையை மூடியின் மேல் ஊன்றினேன். ஊன்றி அமத்தினேன். மரம் சின்னதாக முனகிக்கொண்டு இறங்கியது, கொளுக்கி மாட்டியது. சிறிய வகுப்பு என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, கையை எடுக்காமலே பெயரை எழுதத் தொடங்கினேன்.

"அப்பா, கையை எடுங்கோ," என்றாள்.

நான் எழுதிக்கொண்டே, பேசாமல் போ பிள்ளை என்று தமிழில் மெதுவாகச் சொன்னேன். பேர்கன், பேர்கன் என்றும் சொன்னேன். அந்தப் பங்கருக்குள் தமிழ் விளங்குகிறவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அமத்தினால் எல்லாப் பிஸ்டலும்தான் உள்ளை போகும். எடுங்கோ."

குரலை உயர்த்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடிதத்தை வைக்கிற அதே முகம். நான் கையை எடுத்தேன். அவளே கொளுக்கியைக் கழற்றி, மூடியைத் தூக்கி, திரும்ப விட்டாள். மூடி விழுந்தது. ஒரு நகக்கண் அளவு விலகி நின்றது. ரூனார் அங்கிருந்து ஓடி வந்தார். ஐயோ, நான் அளந்து பார்க்காமல் விட்டேனே என்று தலையில் கை வைத்தார். அரத்தால் ராவித் தரட்டுமா, இரண்டு நிமிடம் என்றார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ராவினால் பிறகு அது தன் கையில் நிற்காது என்று சொன்னாள். நான் பாதி எழுதிய பெயரைத் தானே வெட்டிவிட்டு, திறந்த வகுப்புப் பேப்பரில் ரூனாருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். சிவபாதசுந்தரம் கட்டத்துக்குள் அடங்காமல் பேப்பரின் ஓரத்துக்குப் போய்விட்டது.

பெரிய பிஸ்டல்காரர்களோடு நின்று சுட்டு ஐந்தாவதாக வந்தாள். ரூனார் மூன்றாவது. பேர்கனுக்கு வேறு ஒரு பிள்ளை போகிறாள், நல்ல பிள்ளைதான், அவளிடம் என்ன கோபம். போட்டி முடிய ரூனார் எனக்கு ஒரு கோப்பி கொண்டுவந்து தந்தார். என்னைக் குத்திக்காட்டியிருந்தால் திருப்பிக் கொடுக்க எனக்கு நாலு வார்த்தை இருந்தது. அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

6

வீட்டுக்கு நிலக்கீழ் ரயிலில் வந்தோம். எனக்கு எல்லார் மேலும் கோபம். பெரித் மேல், ரூனார் மேல், பெட்டியின் மேல். முக்கியமாக மகள் மேல். தகப்பனைப் பத்துப் பேருக்கு முன்னால் கள்ளனாக்கிவிட்டாள். அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள்.

"ஏன் அமத்தினீங்கள்?" என்று கேட்டாள். "ரூனாருக்கு ஒரு பெட்டி, எனக்கு ஒரு பெட்டியோ?"

அப்போதுதான் அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். இந்த இருபது வருடத்தில் வதனியைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை. மைதானம், குறுக்கே பிடித்த துவக்கு, சாரம், மடக்கிய முழங்கால் எல்லாம் சொன்னேன். உங்களுக்கு மேலே எழுதியதுபோலத்தான் சொன்னேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சமயம் பார்த்து வளையத் தெரிந்தபடியால்தான் அப்பா உயிரோடு இருக்கிறேன், நீயும் பிறந்தாய், உனக்கு நிமிர்ந்து நிற்க இந்த நாடு இடம் தந்திருக்கிறது, எனக்கு அப்படி ஒருவரும் தரவில்லை என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

அவள் அழவில்லை. இரண்டு தரிப்பு தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"குகன் மாமா உங்களுக்குப் பின்னாலைதானே நிண்டவர்?"

"ஓம்."

"அவரும் சாரம்தானே கட்டியிருந்தவர்?"

"ஓம்."

"அப்ப ஏன் நீங்கள் அவருக்குச் சொல்லேல்லை?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். எங்கள் தரிப்பு வந்தது, இறங்கினோம். வீட்டில் வதனி வடைக்கு உளுந்து அரைத்து வைத்திருந்தாள், ஆட்களும் வந்துவிட்டார்கள். இருபது வருடம் போன வேகம் தெரியவில்லை என்று எல்லாரும் கதைத்தார்கள். நான் சட்டை மாற்றப் போகிறேன் என்று அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தேன்.

அவள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். ஒருவன் மடக்கினால் தெரியாது, அடுத்தடுத்து இரண்டு பேர் மடக்கினால் சீருடைக்காரனுக்குச் சந்தேகம் வரும், அவன் சாரத்தைத் தூக்கிப் பார்ப்பான், இரண்டு பேரும் பிடிபடுவோம். இவ்வளவையும் நான் அந்த வரிசையில் நின்று கணக்குப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் முன்னால் நடந்தேன். இருபத்திரண்டு வருடமாகச் சீருடைக்காரன் மேலும், கந்தோர்ப் பெண் மேலும், கட்டங்களின் மேலும், பெட்டியின் மேலும் நான் கொதித்த கொதியில் பாதி யார் மேல் என்று எனக்கு அந்த ரயிலில்தான் விளங்கியது.

இது ஊரில் வாசிக்கப்படும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். குகனின் அம்மா இன்னும் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறார். கண் தெரியாவிட்டாலும் யாராவது வாசித்துக் காட்டுவார்கள்.

மாமி, என்ரை பிள்ளை உயரமாய் வளந்திட்டான், அதாலைதான் கொண்டு போனவங்கள் என்று வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சொல்லுவீர்கள். வெளிக்கிட முந்தின நாள் உங்கள் முற்றத்தில் நின்று நானும் ஓம் ஓம் என்று கேட்டிருக்கிறேன். அவன் அப்படி ஒன்றும் உயரமில்லை, மாமி. என்னைவிட இரண்டு விரற்கடைதான். நான் திரும்பி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை.